முப்பத்தாறில் எட்டு

டாக்டர் என்னிடம் எதையும் மறைக்கவில்லை. செங்கல்பட்டில் அவர் அறையில் உட்கார்ந்திருந்தபோது, எனக்குச் சரியாகக் கேட்காது என்று தாளிலேயே எழுதிக் காட்டினார். ‘பேச்சு திரும்பக் கிடைக்கும். இசைக்கு உத்தரவாதம் இல்லை.’

வலது காது சின்ன வயதிலேயே பொன்னுக்கு வீங்கியில் போய்விட்டது. நாற்பது வருடம் தூங்கிய நரம்பு இனி எழாது என்றார். மிச்சமிருந்த இடது காதும் மூன்று வருடமாகத் தேய்ந்துகொண்டே வந்தது. ஆபரேஷன் செய்து அதற்குள்தான் கேட்கும் கருவியை வைக்க வேண்டும். வைத்தால், அங்கே ஒட்டிக்கொண்டிருக்கும் கொஞ்சநஞ்சக் கேட்கும் திறனும் அழிந்துவிடும். வைக்காவிட்டால் அது தானாகவே அழியும். ஆபரேஷனுக்கு இருபது நாள் இருந்தது.

திருப்போரூரில் பத்திரம் எழுதிப் பிழைப்பவன் நான். மனை வாங்க வருகிறவர்கள் என் காதருகே வந்து அப்பன் பெயரைக் கத்துவார்கள். மூன்றாம் தடவை கேட்டால் முகம் சுளிப்பார்கள். ஒருவர் என் எதிரிலேயே “செவிடன் காதுல ஊதுன சங்கு” என்று பக்கத்து ஆளிடம் சொன்னார். அது மட்டும் எனக்குத் தெளிவாகக் கேட்டது. அவருடைய பத்திரத்தையும் நான்தான் எழுதிக் கொடுத்தேன்.

ஆனால் என் துக்கம் அவர்களைப் பற்றியது அல்ல. இருபது வயதில் மாமல்லபுரத்தில் ஒரு லாட்ஜில் வேலை பார்த்தேன். அறையைக் காலி செய்த வெள்ளைக்காரர் ஒருவர் இரண்டு கேசட்டுகளை விட்டுப் போனார். முந்நூறு வருடத்துக்கு முந்தைய ஜெர்மன்காரர் ஒருவர் ஒற்றை செல்லோவுக்கு எழுதியது. செல்லோ என்றால் வயலினுக்குப் பெரியண்ணன். முழங்காலுக்கு நடுவே நிறுத்தி வாசிப்பார்கள். ஆறு தொகுப்பு, ஒவ்வொன்றிலும் ஆறு பகுதி. முதல் தடவை கேட்டபோது யாரோ தனியாக உட்கார்ந்து கணக்குப் போடுகிறார்கள் என்று நினைத்தேன். பத்தாவது தடவை அழுதேன். ஏன் என்று இன்றுவரை தெரியாது. என்னைச் சுற்றி இதைக் கேட்கிற ஆள் ஒருவரும் இல்லை. கல்யாணமான புதிதில் மனைவியைக் கேட்க வைத்தேன். “பெஞ்ச இஸ்துகினு போற மாதிரி கீது” என்றாள். அதோடு அந்தப் பேச்சு முடிந்தது.

காது தேயும்போது மேல் ஸ்தாயிதான் முதலில் போகும். புல்லாங்குழல் போனது, வயலின் போனது, குருவிச் சத்தம் போனது. செல்லோவின் அடிக்குரல் மட்டும் நின்றது. அதுவும் அரை மணி நேரம்தான். அதற்கு மேல் கேட்டால் காதுக்குள் வண்டு இரைய ஆரம்பித்து, அன்றைய பொழுது முழுக்க நிற்காது. ஆகவே ஒரு நாளைக்கு அரை மணி. மொத்தமாகக் கேட்கவே இரண்டு மணி நேரத்துக்கு மேல் ஆகும். முப்பத்தாறையும் காப்பாற்ற முடியாது. எட்டைத் தேர்ந்தெடுத்து, தினமும் அதையே கேட்டு, நெட்டுருப் போட்டுவிடுவது என்று முடிவு செய்தேன். கருவி வந்தபிறகு எதைக் கெடுத்தாலும் தலைக்குள் இருப்பதைக் கெடுக்க முடியாதல்லவா?

எழுதிக் கெட்ட பத்திரத் தாளின் பின்பக்கத்தில் பட்டியல் போட்டேன். விளம்பரக்காரர்கள் தேய்த்துத் தீர்த்த, முதல் தொகுப்பின் முதல் பகுதியைப் பட்டியலிலிருந்து வீம்புக்கு அடித்தேன். மறுநாள் காலை திரும்பச் சேர்த்தேன். ஒவ்வொரு தொகுப்பிலும் மெதுவாகப் போகும் நாலாவது பகுதிகளில் ஒன்றைக்கூட விட மனம் வரவில்லை. ஆறும் உள்ளே வந்துவிட்டன. ஆக ஏழு. எட்டாவது இடத்துக்கு மூன்று பகுதிகள் அடித்துக்கொண்டன. நான்கு நாள் அதிலேயே போனது. இருக்கிற இருபது நாளில் நான்கை இப்படித் தின்கிறோமே என்று பயந்து, பயத்தில் இன்னும் குழம்பி, கடைசியில் கண்ணை மூடிக்கொண்டு ஒன்றைத் தொட்டேன்.

ஐந்தாவது தொகுப்பின் நாலாவதுதான் எனக்கு உயிர். கூட்டுச் சுரமே கிடையாது. ஒரு சுரம், அது போன பிறகு இன்னொன்று. நாலு எல்லையும் எழுதாத மனை போலக் கிடக்கும். எங்கே நிற்கிறோம் என்று தெரியாது, ஆனால் நிற்பது நிஜம்.

கேட்கிற காது ஒன்றே ஒன்று. அதில் இயர்போன் செருகினால் உலகம் அடைத்துவிடும். மனைவி காபியை வைத்துவிட்டுத் தோளைத் தட்டிப் போவாள். அப்போதெல்லாம் என் பழக்கம், கண்ணைத் திறக்காமல் ஒரு விரலைத் தூக்கிக் காட்டுவது. ‘ஒரு நிமிஷம்’ என்று அர்த்தம்.

அட்மிஷனுக்கு முந்தின நாள் மாமல்லபுரம் போகலாம் என்றாள். திருப்போரூரிலிருந்து பஸ்ஸில் போனோம். பஸ் இரைச்சலில் என் காது எதையும் பிரித்துத் தராது, அதனால் இருவரும் பேசவில்லை. கரையில் சவுக்கு நிழலில் உட்கார்ந்ததும் இயர்போனைச் செருகினேன். கடைசித் தடவை அல்லவா. ஐந்தாவதின் நாலாவது ஓடிக்கொண்டிருந்தபோது முழங்கையைத் தொட்டாள். கண்ணைத் திறந்தேன். ஏதோ சொல்லிக்கொண்டிருந்தாள், உதடு அசைந்தது. நான் விரலைத் தூக்கினேன். கண்ணை மூடிக்கொண்டேன்.

பகுதி முடிந்து பார்த்தபோது, புடவையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு அலையில் நின்றாள், முதுகு எனக்கு. திரும்பி வந்தவளிடம் என்ன என்று கேட்டேன். ஒன்றுமில்லை என்று தலையை ஆட்டினாள். வண்டு இரைய ஆரம்பித்துவிட்டது. பஸ் ஏறினோம். மறுநாள் ஆண்கள் வார்டில் அவளை வாசலோடு நிறுத்திவிட்டார்கள். அதற்கு மறுநாள் ஆபரேஷன்.

ஒரு மாதம் கழித்து, காதுக்கு வெளியே மாட்டும் பாகத்தைப் பொருத்திக் கருவியை முடுக்கினார்கள். தகர டப்பாவுக்குள் கோலி உருட்டுகிற சத்தம். “கேக்குதாயா?” என்று அவள் கேட்டதை உதட்டைப் பார்த்துத்தான் புரிந்துகொண்டேன். ஆறு மாதத்தில் கோலிகள் சொற்களாகிவிட்டன. இப்போது மனைக்காரர்கள் கத்த வேண்டியதில்லை. எல்லோரும் நான் பிழைத்துவிட்டேன் என்கிறார்கள். செல்லோவைப் போட்டுப் பார்த்தேன். அவள் அன்று சொன்னதுதான் சரி, பெஞ்சை இழுக்கிறார்கள்.

பட்டியல் பலித்தது. எட்டும் தலைக்குள் முழுசாக இருக்கின்றன. பஸ்ஸில் உட்கார்ந்து கருவியை அணைத்தால் முதல் சுரத்திலிருந்து கடைசி வரை ஓடும், ஓர் இடத்தில்கூடத் தடுக்காது.

போன வாரம் காலையில் கருவி மாட்டாமல் அவள் தோசை சுடுவதைப் பார்த்துக்கொண்டிருந்தேன். பக்கத்து வீட்டுக்காரியிடம் ஏதோ கத்திச் சொன்னாள். அந்தக் குரலை நினைவுக்குக் கொண்டுவரப் பார்த்தேன். வரவில்லை. இருபத்துநாலு வருடம் கேட்ட குரல். போனில் அவள் பழைய வாய்ஸ் மெசேஜ்கள் இருக்கின்றன. கருவியை மாட்டிக்கொண்டு ஒவ்வொன்றாகப் போட்டேன். எல்லாம் தகரம். எந்தக் குரலைப் போட்டாலும் இந்தக் கருவி வழியாகத்தானே வர வேண்டும். எட்டையும் எடுத்துக்கொள்ளுங்கள், அவள் சொன்ன ஒரு வரியைக் கொடுங்கள் என்று யாரிடம் போய்க் கேட்பது?

சமையல்கட்டுக்குப் போய்க் கேட்டேன். “அன்னிக்கி பீச்சுல இன்னா சொன்ன?”

தோசையைத் திருப்பிப் போட்டாள். “இன்னா சொன்னேனோ, அது யாருக்குயா நெனப்பு கீது? நீ வெரல காட்னது மட்டும்தான் நெனப்பு கீது.”