எந்தக் ‘காணும்’?

போன செவ்வாய்க்கிழமை பின்னேரம் மகேஸ் என் வீட்டுப் படலையடியில் மோட்டார் சைக்கிளை நிறுத்தினார். இறங்கவில்லை.

“ஐயா, அந்தக் கொப்பிய ஒருக்கா பாருங்க. மெடல் எடுத்ததுக்குப் பிறகு மேகலா கிழமைக்கு எத்தன நாள் வந்திருக்காங்க?”

மகேஸ் பளையில் மோட்டார் சைக்கிள் திருத்துபவர். வேலை முடிந்ததும் எங்கள் கழகத்துக்குத் தட்டெறிதல் பழக்குகிறார். மேகலா கிளிநொச்சியில் ஒரு மருந்துக்கடையில் வேலை செய்கிறார். மாகாணப் போட்டியில் தங்கம் எடுத்தவர். நான்? அளவு நாடாவின் ஒரு முனையைப் பிடிப்பவன். யார் வந்தார், எவ்வளவு தூரம் எறிந்தார், மழை பெய்ததா... எல்லாவற்றையும் திகதி போட்டு ஒரு கொப்பியில் எழுதிவைப்பவன். சம்பளமில்லாத வியாதி.

கொப்பியைப் புரட்டினேன். மெடலுக்கு முன்னர் கிழமைக்கு ஆறு நாள். பின்னர் நாலு.

“பாத்தீங்களா? பசி போயிருச்சு” என்றார் மகேஸ். “அடுத்த போட்டிக்கு ஒரு ஆளத்தான் அனுப்பலாம். வெள்ளிக்கிழம பேர் குடுக்கணும். அவங்க பேர் வேணாம்.”

போய்விட்டார்.

நான் கொப்பியை மூடவில்லை. ஏதோ இடித்தது. ஒவ்வொரு கிழமையும் நாலு. ஒரு கிழமைகூட மூன்றோ ஐந்தோ இல்லை. சோம்பல் இவ்வளவு ஒழுங்காக இருக்குமா?

அடுத்த நாள் தலையிடிக் குளிசை வாங்கும் சாட்டில் மருந்துக்கடைக்குப் போனேன். மேகலாவிடம் கேட்டேன்.

“நான் என்ன செய்யிறது ஐயா? மகேஸ் அண்ணாதானே சொன்னவர்” என்று போனை நீட்டினார். மெடல் வந்த கிழமை வந்த மெசேஜ். பாராட்டுக் கூட்டம், மாலை, பொன்னாடை என்று மேகலா நாலு நாள் மைதானத்துக்கு வராத கிழமை.

*நாலு நாள் காணும்.*

எனக்குத் தலை சுற்றியது. குளிசையை அங்கேயே விழுங்கியிருக்கலாம்.

எங்கள் வீடுகளில் ‘காணும்’ என்றால் ‘போதும்’ என்று பொருள். மகேசின் வீட்டார் மலையகத்திலிருந்து வந்து இங்கே வயல் செய்பவர்கள். அவர்கள் வீட்டில் ‘ஆளைக் காணும்’ என்றால் ஆள் இல்லை, தேடு என்று பொருள். நாலு நாளாக ஆளைக் காணோம் என்று அவர் திட்டியிருக்கிறார். கிழமைக்கு நாலு நாள் போதும் என்று மேகலா வாசித்திருக்கிறார்!

வியாழன் பின்னேரம் இரண்டு பேரையும் மைதானத்தில் நிறுத்தி விளக்கினேன். மகேஸ் தலையில் கைவைத்தார்.

“இங்கயே பொறந்து வளந்தவன் ஐயா, எனக்குத் தெரியாதா? கோவத்துல வீட்டுப் பேச்சு வந்திருச்சு.” பிறகு மேகலாவைப் பார்த்தார். “ஏங்க, சந்தேகம்னா ஒரு வார்த்த கேட்டிருக்கலாமே?”

மேகலா காலால் மண்ணைக் கிளறினார். “கேட்டா, இல்லை ஆறு நாள் எண்டு சொல்லிப்போடுவீங்கள். அந்தப் பயத்திலதான் கேக்கேல்லை.”

கதை முடிந்தது என்று நினைத்த இடத்தில் இப்படி ஒன்று.

“முதல்ல சந்தோசமாத்தான் இருந்தது. பிறகு கோவம் வந்தது, அண்ணா. நான் இவ்வளவுதான், இதுக்கு மேல எறியமாட்டன் எண்டு நினைச்சிட்டீங்களாக்கும் எண்டு.”

“அப்ப கோவத்துல அஞ்சாவது நாள் வந்திருக்கலாமே?”

“நீங்கள் கூப்பிடுவியள் எண்டு பாத்தனான்.”

பசி போனவருக்கு இந்தக் கோபம் வருமா? பசி இருந்தவர் ஒரு சொல்லுக்குப் பின்னால் இத்தனை கிழமை ஒளிந்திருப்பாரா? எங்கள் வீடுகளில் விருந்தாளி ‘காணும், காணும்’ என்று கையால் சோற்றுக் கோப்பையை மறைத்தாலும் இன்னொரு அகப்பை சோறு விழும். போட்டவுடன் அவர் சாப்பிட்டும் விடுவார். அவருக்குப் பசி இருந்ததா, இல்லையா? இத்தனை வருடம் விருந்து சாப்பிட்டும் எனக்குத் தெரியவில்லை.

மகேஸ் தட்டை எடுத்து மேகலாவின் கையில் வைத்தார்.

மேகலா வட்டத்துக்குள் போனார். ஒன்றரைச் சுற்று... விட்டார். தட்டு, மெடல் தூரத்துக்கு நாங்கள் நட்டிருந்த சிவப்புக் கொடியைத் தாண்டி, எல்லைக்கு அப்பால் இடுப்பளவு புல்லுக்குள் போய் மறைந்தது. நாடாவும் கையுமாக நான் ஓடினேன். விழுந்த இடமே தெரியவில்லை.

மகேஸ் கண்ணுக்கு மேல் கைவைத்துப் பார்த்தார்.

“காணும்” என்றார்.

மேகலா அசையவில்லை. “எந்தக் காணும், அண்ணா?”

மகேஸ் கொடியை ஒருமுறை பார்த்தார், புல்லை ஒருமுறை பார்த்தார். அவருக்கே தெரியவில்லை என்றுதான் நினைக்கிறேன்.

“போய்த் தேடி எடுத்துட்டு வாங்க. நாளைக்கு ஒங்க பேரத்தான் குடுக்கப் போறேன்.”

அன்றைய பக்கத்தில் தூரம் எழுத வேண்டிய இடத்தில் ‘காணும்’ என்று எழுதினேன். பக்கத்தில் ஒரு கேள்விக்குறியும் போட்டேன்.