சிஞ்சுவுக்கு வந்த காய்ச்சல்

தேவிகுளம் பக்கத்து எஸ்டேட்டில், தொழிலாளிகள் குடியிருக்கும் லயத்தில் டின்சியின் வாய்க்குப் பயப்படாத ஆள் இல்லை. தேயிலைக் கொழுந்து நிறுக்கும்போது கணக்கப்பிள்ளை எடையில் கொஞ்சம் பிடித்தால் போதும், கிழித்துத் தோரணம் கட்டிவிடுவாள். சர்ச்சில் வேதம் வாசிப்பதும் அவள்தான். அந்தக் கணீர்க் குரலில் அவளுக்குக் கர்வமும் உண்டு.

அப்பேர்ப்பட்டவளின் ஆறு வயது மகள் சிஞ்சுவுக்குக் 'க' வராது, 'த'தான் வரும். அடிமாலியில் பேச்சுப் பயிற்சி கொடுக்கும் தமிழ்ப்ரியா, தொண்டையில் தண்ணீரை நிறுத்திக் கொப்பளிக்க வைத்து, நாக்கின் பின்பக்கத்தைத் தூக்கப் பழக்கினாள். "அவ பேசுறப்ப நீங்க முந்திக்காதீங்கக்கா" என்று டின்சிக்கும் ஒரு பாடம் சொன்னாள். பிள்ளை விடாமல் பழகியது. பாதி நேரம் 'க' வந்தது. அந்தத் தைரியத்தில், கிறிஸ்துமஸ் விழாவில் வசனம் சொல்லத் தானாகவே கை தூக்கிவிட்டது.

விழாவன்று காலையில் சிஞ்சு வீட்டில் சொல்லிப் பார்த்தாள். முதல் தடவை 'கர்த்தர்' வந்தார். அடுத்த தடவை 'தர்த்தர்' ஆகிவிட்டார். லயமே சிரிக்கப்போகிறது என்று டின்சிக்கு உடம்பு கூசியது.

"உனக்குக் காய்ச்சல்டி. போர்த்திட்டுப் படு."

சிஞ்சு நெற்றியைத் தொட்டுப் பார்த்தாள். அம்மா சொன்னால் சரியாகத்தான் இருக்கும் என்று படுத்துக்கொண்டாள். புருஷன் வேதமுத்துவைத் துணைக்கு வைத்துவிட்டு டின்சி கிளம்பினாள்.

சர்ச்சில் ஞாயிறு பள்ளி டீச்சரிடமும் அதே பொய்தான். விழாவில் ஒரு பையன் வசனத்தைப் பாதியில் மறந்து, மூக்கைத் துடைத்துக்கொண்டு நின்றான். யாரும் சிரிக்கவில்லை, கைதட்டினார்கள். டின்சியும் தட்டினாள். ஒவ்வொரு தட்டும் அவள் கன்னத்தில் விழுந்த மாதிரி இருந்தது.

கேக்கோடு வீட்டுக்கு வந்தவளைக் கம்பளிக்குள்ளிருந்து சிஞ்சு கேட்டாள்.

"நான் சரியாப் பேசுனா தாய்ச்சல் போயிருமாம்மா?"

பாவி, என்ன காரியம் செய்துவிட்டோம் என்று டின்சி கேக்கைக் கீழே வைத்தாள். "உனக்கு ஒண்ணுமில்லடி. அம்மாதான் பொய் சொன்னேன்" என்று பிள்ளையை அள்ளிக்கொண்டு டீச்சர் வீட்டுக்கு ஓடினாள். வாசலிலேயே உண்மையைச் சொல்லி அழுதாள்.

டீச்சர் திட்டவில்லை. குனிந்து, "இப்பச் சொல்லு தங்கம், நான் கேக்கேன்" என்றார்.

டின்சி முந்தவில்லை. வாயை இறுக்கிக்கொண்டு காத்திருந்தாள். சிஞ்சு அம்மாவின் தோளில் முகத்தைப் புதைத்துக்கொண்டாள்.

"நீயே சொல்லும்மா."

அதை மட்டும் சிஞ்சு ஓர் எழுத்துகூடப் பிசகாமல் சொன்னாள்.