கடலில் விழுந்த ஏழு பேருக்கு ஒரு பாட்டு

1986ஆம் ஆண்டு நான் வடமராட்சியில் ஒரு மிஷன் பெண்கள் பள்ளிக்கூடத்தில் விஞ்ஞானம் படிப்பித்துக்கொண்டிருந்தேன். வயது இருபத்தாறு. அந்த ஜனவரியில் அமெரிக்காவிலிருந்து ஒரு விண்கலம் புறப்பட இருந்தது. அதில் போகிற ஏழு பேரில் ஒருவர் பள்ளிக்கூட ஆசிரியை. விண்வெளியிலிருந்தே பிள்ளைகளுக்குப் பாடம் நடத்தப்போகிறார் என்று பேப்பரில் வாசித்த நாள் முதல் எனக்குக் கால் நிலத்தில் பாவவில்லை. அந்தச் செய்தியை வெட்டி ஒன்பதாம் வகுப்புச் சுவரில் ஒட்டினேன்.

"ரீச்சர்மாரும் போகலாமோ?" என்று பிள்ளைகள் கேட்டார்கள்.

"ஏன் போகேலாது?" என்றேன், அடுத்ததாக என்னைத்தான் கூப்பிடப்போகிறார்கள் என்பதுபோல.

புறப்பட்டு ஒரு நிமிடம் சொச்சத்தில் அது வெடித்தது. மறுநாள் காலை வானொலியில் கேட்டேன். பள்ளிக்கூடத்துக்குப் போனபோது பிள்ளைகளுக்கும் தெரிந்திருந்தது. ஆறுதல் சொல்ல எனக்கு வரவில்லை. தெரிந்ததைச் சொன்னேன். கலம் உடைந்தது, துண்டுகள் கடலில் விழுந்தன, அவர்களும் கடலில்தான் விழுந்திருப்பார்கள், கப்பல்கள் தேடுகின்றன. அன்று வேறு பாடம் நடக்கவில்லை.

எங்கள் சங்கீத ஆசிரியை என் வயதுக்காரி, அரியாலைப் பெண். பள்ளிக்கூட விடுதியில் தங்கியிருந்தாள். இரண்டே நாளில் அந்த ஏழு பேருக்கும் ஒரு பாட்டு எழுதி மெட்டும் போட்டுவிட்டாள். திங்கட்கிழமை காலைக் கூட்டத்தில் பாடுவதென்று ஏற்பாடு. முன்னின்று பாட அவள் தெரிந்தெடுத்தது என் வகுப்புப் பிள்ளை ஒருத்தியை. வல்வெட்டித்துறைப் பிள்ளை. பள்ளிக்கூடத்திலேயே நல்ல குரல் அவளுடையதுதான். முந்தின வருடம் அவளுடைய தகப்பன் மீன்பிடிக்கப் போன படகு கரைக்குத் திரும்பவில்லை. யுத்தம் தொடங்கியிருந்த அந்த நாட்களில் கடலில் என்ன நடந்தது என்று கேட்க ஆளும் இல்லை, போய் நிற்க ஒரு இடமும் இல்லை.

வெள்ளிக்கிழமை பின்னேரம் ஒத்திகை பார்க்கப் போனேன். பாட்டு, "விண்ணில் ஏறியவர் விண்மீன் ஆனார்" என்று முடியும். அந்த வரி வந்ததும் பிள்ளை நிறுத்திவிட்டாள்.

"ஏன் பிள்ளை நிப்பாட்டினனீர்?" என்று சங்கீத ஆசிரியை கேட்டாள்.

"இந்த வரியை நான் பாடமாட்டன் ரீச்சர்."

"ஏன்?"

"அவையள் நட்சத்திரம் ஆகேல்லை. கடலுக்கை விழுந்தவையள். விஞ்ஞான ரீச்சர்தானே சொன்னவ."

"பாட்டெண்டால் அப்பிடித்தான் பிள்ளை. செத்த ஆக்களை மரியாதையாச் சொல்லுறது."

"எங்கடை வீட்டுக்கு வந்த ஆக்களும் உப்பிடித்தான் சொன்னவை. கடலம்மா கூப்பிட்டிட்டா எண்டு. ஆனா ஒருத்தரும் தேடிப் போகேல்லை."

சங்கீத ஆசிரியை ஆர்மோனியத்தின் துருத்தியை மெல்ல மூடினாள். பிள்ளைகள் போன பிறகு என்மேல் பாய்ந்தாள்.

"உதெல்லாம் பிள்ளையளுக்கு ஏன் விளக்கமாச் சொன்னனீர்?"

"பொய் சொல்லியிருக்க வேணுமோ?"

அவள் விடுவிடென்று விடுதிக்குப் போய்விட்டாள். ஆனால் அடுத்த நாள் காலை அவளே சைக்கிளோடு வந்து நின்றாள். "அந்தப் பிள்ளையின்ரை வீட்டுக்குப் போயிட்டு வருவம்" என்றாள். மன்னிப்புக் கேட்கவா, பாடச்சொல்லிக் கேட்கவா என்று இரண்டு பேருக்கும் தெளிவில்லை.

கடற்கரையோரச் சின்ன வீடு. தாயின் நெற்றியில் குங்குமம் இருந்தது, கழுத்தில் தாலி இருந்தது. உடல் கிடைக்காததால் அவர் எதையும் கழற்றவில்லை, ஒரு கிரியையும் செய்யவில்லை. எங்களை இருத்தித் தேத்தண்ணீர் தந்துவிட்டு, "இவள் ஏதும் வாய் காட்டினவளோ?" என்று பயத்தோடு கேட்டார்.

"இல்லை அக்கா. சும்மா பாத்திட்டுப் போக வந்தனாங்கள்."

பிறகு என்னைப் பார்த்தார்.

"அந்த ஏழு பேரின்ரை உடம்பும் கிடைச்சதோ ரீச்சர்?"

"இன்னும் இல்லை. தேடுகினம்."

"எத்தினை கப்பல்?"

"கனக்க."

"கிடைக்குமட்டும் அந்த வீட்டுச் சனம் என்ன செய்யுங்கள்?"

அவர் சங்கீத ஆசிரியையின் பக்கம் திரும்பி, "அந்தப் பாட்டை ஒருக்காப் பாடுங்கோவன்" என்றார்.

அவள் பாடினாள். கடைசி வரிக்கு முன்னால் தானாகவே நின்றுவிட்டாள்.

"மிச்சம் இன்னும் எழுதி முடியேல்லை அக்கா" என்றாள்.

திங்கட்கிழமை பாட்டு வேறு விதமாக முடிந்தது.

*வானம் ஏறினார், கடலில் வீழ்ந்தார்,*
*வாசல் திறந்தே காத்திருக்கின்றோம்.*

அதிபருக்கு அது பிடிக்கவில்லை. துக்கப் பாட்டு ஆறுதலாக முடியவேண்டும் என்றார். "ஆறுதல் வரட்டும் மிஸ், பிறகு எழுதுறன்" என்று சங்கீத ஆசிரியை சொன்னாள். பிள்ளை பாடிக்கொண்டிருக்கும்போது எங்கேயோ ஒரு ஆமி ஹெலிகொப்டர் சத்தம் கேட்டது. சின்ன வகுப்புப் பிள்ளைகள் கூரையை அண்ணாந்து பார்த்தார்கள். அவள் நிறுத்தவில்லை.

ஐந்தாறு கிழமை கழித்து, விண்கலத்தில் அவர்கள் இருந்த பகுதியைக் கடலின் அடியில் கண்டெடுத்துவிட்டார்கள் என்று செய்தி வந்தது. நான் வகுப்பில் அதைப் பற்றிப் பேசவில்லை. இடைவேளையில் அந்தப் பிள்ளையே என்னிடம் வந்தாள்.

"கண்டெடுத்தவையாம் ரீச்சர். உடம்புகளும் கிடைச்சதாம்."

"ஓம் பிள்ளை."

"அம்மாவுக்குச் சொன்னனான். அவ்வளவு கப்பல் வைச்சுத் தேடினதுக்கே இவ்வளவு நாள் எண்டால் எங்கடை ஆளை ஆர் தேடினது எண்டு கேட்டவ. பின்னேரம் போய் ஐயரைக் கண்டிட்டு வந்தவ."

சித்திரை பிறந்த பிறகு ஒரு நாளில், தர்ப்பையால் உருவம் செய்து வைத்துத் தகப்பனுக்குரிய கிரியைகள் நடந்தன. நானும் சங்கீத ஆசிரியையும் போயிருந்தோம். ஆண்கள் அந்த உருவத்தைத் தூக்குவதற்கு முன்னால், தாய் மகளைக் கூப்பிட்டு அந்தப் பாட்டைப் பாடச் சொன்னார்.

"அது வேறை ஆக்களுக்கு எழுதினதெல்லோ அக்கா" என்று சங்கீத ஆசிரியை தயங்கினாள்.

"கடலிலை விழுந்த ஆக்களுக்குத்தானே ரீச்சர்" என்றார் அவர்.

பிள்ளை தொடங்கினாள். தகப்பன் போனதிலிருந்து அவள் அழுததை யாரும் கண்டதில்லை என்று சொல்வார்கள். பாதியில் குரல் உடைந்து, முற்றத்து மண்ணில் இருந்துவிட்டாள். சங்கீத ஆசிரியை பக்கத்தில் இருந்து அவளைப் பிடித்துக்கொண்டு மிச்சத்தைப் பாடினாள். எனக்குப் பாட வராது. என்றாலும் கூடச் சேர்ந்து பாடினேன்.

அடுத்த கிழமை பிள்ளை பள்ளிக்கூடத்துக்கு வந்தாள். ஒரு மாதம் கழித்து அவளுடைய தாயை நெல்லியடிச் சந்தையில் கண்டேன். வெறும் நெற்றியோடு கருவாட்டுக் கடகப்பெட்டிக்கு முன்னால் இருந்து விற்றுக்கொண்டிருந்தார். என்னைக் கண்டதும் எழும்பி நின்று, "இருக்கிறம் ரீச்சர்" என்றார்.