வரவேண்டாம் என்று நான் கேட்ட கப்பல்

என் கணவர் வேலை செய்த கப்பல் கரைக்கு வரக்கூடாது என்று தொழுகைப் பாயில் இருந்து அழுது கேட்டேன். கப்பல் வரவில்லை. சகோதரிகளே, துஆ ஏற்கப்பட்ட சந்தோஷத்தைப் பலர் இந்த மஜ்லிஸில் சொல்லக் கேட்டிருக்கிறேன். எனக்கு வந்த சந்தோஷம் அன்று பின்னேரத்துக்குள் பயமாக மாறிப்போனது. அதனால்தான் இத்தனை காலம் நான் வாய் திறக்கவில்லை.

எங்கள் ஊர் மருதமுனை. சுனாமிக்கு முன்பு என் கணவர் மீன்பிடிக்கப் போனவர். அந்த ஞாயிற்றுக்கிழமை மாமாவையும், கடற்கரையில் இருந்த அவர்களின் வீட்டையும், எங்கள் தோணியையும் கடல் ஒன்றாகக் கொண்டுபோனது. மாமி, என் கணவரின் உம்மா, மட்டும் மிஞ்சினார். அவருக்குப் பெண் பிள்ளைகள் இல்லை. எங்களோடு வந்து இருந்தார். தண்ணீரில் அடிபட்டதில் காது கேட்பது குறைந்துவிட்டது. நான் அவருக்கு மருமகள் என்பதை நாங்கள் இருவருமே மெல்ல மறந்துபோனோம்.

தோணி போன பிறகு என் கணவர் ஊரில் நிலைக்கவில்லை. கொஞ்சக் காலம் கட்டார் நாட்டில் இருந்துவிட்டு, ஓர் உல்லாசப் பயணக் கப்பலில் உடுப்புக் கழுவும் பகுதியில் சேர்ந்தார். வெள்ளைக்காரர்கள் நாடு நாடாகச் சுற்றிப் பார்க்கும் பெரிய கப்பல்.

யுத்தம் முடியப்போகிறது என்று ரேடியோ சொல்லிக்கொண்டிருந்த மாதங்களில் மாமிக்குக் காய்ச்சல் வந்தது. நெஞ்சில் சளி கட்டியது. ஒரு கிழமைகூட ஆகவில்லை, மவுத்தாகிவிட்டார். கடைசி வரைக்கும், "எண்ட சின்னவன் இப்ப எந்தக் கடல்ல நிக்கான்?" என்றுதான் கேட்டார்.

அடக்கிவிட்டு மையவாடியிலிருந்து திரும்பிய மூத்த மச்சான், என் கணவர் காக்கா என்று கூப்பிடும் அவரின் அண்ணன், என்னைக் கூப்பிட்டுச் சொன்னார்.

"அவனுக்கு இப்ப சொல்ல வேணா. நடுக்கடல்ல கேட்டா என்ன செய்வான்? ஓடி வரவும் ஏலா. கொன்ராக்ட் முடிஞ்சி வந்த பொறகு நான் சொல்றன்."

நானும் சரி என்றேன். எல்லோரும் அதை இரக்கம் என்றார்கள். எனக்கும் அப்படித்தான் பட்டது.

அவர் எங்கள் போனுக்கு மட்டும்தான் கோல் எடுப்பார். "உம்மா எப்பிடி?" என்பார். "இரிக்காங்க" என்பேன். மாமிக்குப் போனில் கேட்காது என்பது அவருக்குத் தெரியும். அதனால், "சலாம் சொல்லுங்க" என்பதோடு விட்டுவிடுவார். "சொல்றன்" என்பேன். மாமியின் நாற்பதாம் நாளுக்குக் குர்ஆன் கத்தம் ஓதிக்கொண்டிருக்கும்போதும் கோல் வந்தது. "அங்க என்ன சத்தம்?" என்று கேட்டார். பக்கத்து வீட்டில் கத்தம் என்றேன். சொல்லி முடித்துவிட்டு வந்திருந்தவர்களுக்குச் சோறு பரிமாறப் போனேன்.

மே மாதம் பினாங்கிலிருந்து கோல் வந்தது. குரலில் அப்படி ஒரு பூரிப்பு.

"கப்பல் காலித் துறைமுகத்துக்கு வருது. வெளியில நங்கூரம் போட்டு, சின்ன போட்டுல ஆக்களக் கரைக்கு எறக்குவாங்க. எங்களுக்கும் அர நாள் லீவு தாறாங்க. உம்மாவக் கூட்டிட்டு வாங்க. சிங்கப்பூர்ல காது மிசின் ஒண்டு வாங்கி வச்சிரிக்கன். அங்கயே மாட்டிப் பாப்பம்."

மூத்த மச்சானிடம் ஓடினேன். அவர் தலையைச் சொறிந்தார். "நீயே போய்ச் சொல்லு. பொம்புள சொன்னாத் தாங்குவான்" என்றார்.

அன்று அஸர் தொழுதுவிட்டுக் கையேந்தினேன். "யா அல்லாஹ், அவருக்கு ஒரு தீங்கும் வேணாம். ஆனா அந்தக் கப்பல் கரைக்கு வர வேணாம். அவர்ட முகத்தப் பாத்துச் சொல்ல என்னால ஏலா." அடுத்தடுத்த நாட்களிலும் இதையே கேட்டேன். எங்கள் கிழக்குக் கரையில் அந்த மாதம், தரையிலிருந்து வீசும் கச்சான் காற்றுக்குக் கடல் குளம்போலக் கிடக்கும். நான் கேட்பது நடக்காது என்றுதான் மனதின் ஒரு மூலை சொன்னது. ஆனாலும் நிறுத்தவில்லை.

பயணத்துக்கு என் வாப்பா துணைக்கு வந்தார். மகளை என் உம்மாவிடம் விட்டேன். எங்களோடு பக்கத்து ஊரான பாண்டிருப்பிலிருந்து பூமணி அக்காவும் வந்தா. அவவின் இளைய மகன் ரவி என் கணவரோடு கப்பலில் அதே பகுதியில் வேலை செய்தான். மூத்த மகனை யுத்த காலத்தில் யாரோ கூட்டிக்கொண்டு போனார்கள், திரும்பி வரவில்லை. இளையவனாவது உயிரோடு இருக்கட்டும் என்று இவவே வெளிநாட்டுக்கு அனுப்பிவைத்தவ. அதன் பிறகு அவ அவனை நேரில் கண்டதில்லை. அவன் ஊருக்குள் வரப் பயந்தான். காலிக் கரையில் அந்த அரை நாள்தான் அவவுக்குக் கிடைக்கவிருந்தது. மடியில் ஒரு பெட்டி நிறைய, மகனுக்குச் சுட்ட அரியதரப் பலகாரம் வைத்திருந்தா. வேனில் வழிநெடுக அதைக் கீழே வைக்கவில்லை.

"அம்மனுக்கு நேத்தி வச்சிட்டுத்தான் வாறன் புள்ள. ஒரு பொழுது அவன்ட முகத்தப் பாத்தாப் போதும்" என்றா. நான் யன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டிருந்தேன்.

யுத்தம் முடிந்துவிட்டது என்று அறிவித்த கிழமை அது. காலியில் எங்கு பார்த்தாலும் கொடி. வெடிச் சத்தம். தெருவில் பாற்சோறு வெட்டிப் பகிர்ந்தார்கள். ஒரு இளம் பிள்ளை சிரித்த முகத்தோடு பூமணி அக்காவின் கையிலும் ஒரு துண்டு வைத்தாள். வேண்டாம் என்று ஒரு தமிழ்த் தாய் சொல்லக்கூடிய நாள் அல்ல அது. அவ அதைத் தின்னவும் இல்லை, போடவும் இல்லை. கையில் ஏந்திக்கொண்டே துறைமுகம் வரைக்கும் நடந்தா.

கடலைப் பார்த்ததும் எனக்குச் சிலிர்த்தது. நம் பக்கத்துக் கடல் இல்லை அது. கரும் பச்சையாய் எழும்பி எழும்பி விழுந்தது. தூரத்தில் அந்தக் கப்பல் வெள்ளையாய், ஒரு தெருவே மிதப்பதுபோல நின்றது. அதிலிருந்து இறக்கிய சின்னப் படகு கப்பலின் விலாவில் மோதி மோதி எழும்பியது. ஒருவரையும் ஏற்றாமலே அதைத் திரும்பத் தூக்கினார்கள். கொஞ்ச நேரத்தில் கப்பல் மெல்லக் கிறுகி எங்களுக்கு முதுகு காட்டியது. கப்பலுக்கு ஆள் சேர்க்கும் ஏஜென்சிக்காரர் குடைக்குள் நின்று சொன்னார்.

"கடல் சரியில்ல. இங்க எறக்க மாட்டாங்களாம். கொழும்புக்குப் போகுமா, நேரே கொச்சிக்குப் போகுமா எண்டு இன்னும் தெரியா."

என் வாய் தன்பாட்டில் அல்ஹம்துலில்லாஹ் என்றது. நெஞ்சிலிருந்து ஒரு கல் இறங்கியது. உண்மையைச் சொல்கிறேன், அந்த நேரம் எனக்கு அது இனித்தது.

பிறகுதான் பக்கத்தில் பார்த்தேன். பூமணி அக்கா அழவில்லை. ஈரத் தரையில் அப்படியே குந்திவிட்டா. பெட்டியை முந்தானையால் மூடி மழையில் நனையாமல் பிடித்துக்கொண்டிருந்தா.

"அம்மனுக்கு நான் என்ன கொற வச்சன் புள்ள? நீயும் கேட்டிருப்பாய்தானே உங்கட அல்லாட்ட. ரெண்டு பேர் கேட்டும் ஏன் கேக்கல்ல?"

அந்தக் கேள்வி என்னைக் கொன்றது.

வாப்பாவுக்குத் தெரிந்த ஒரு குடும்பம் காலியில் இருந்தது. அங்கே தங்கினோம். பொழுது சாயும் நேரம், மஃரிபுக்கு முன்பு, கிணற்றடியில் கால் கழுவும்போது என்னால் அடக்க முடியவில்லை.

"அக்கா, நான் வரட்டும் எண்டு கேக்கல்ல. வர வேணாம் எண்டுதான் கேட்டன்."

மாமியின் மவுத்தை மறைத்ததையும், என் பயத்தையும், எல்லாவற்றையும் சொன்னேன். அவ வாளியை வைத்துவிட்டு என்னைப் பார்த்தா.

"நீ சொல்லிக் கடல் எழும்புமா? அப்ப சுனாமிக்கு ஆர் கேட்டது?" என்றா.

என்னைத் தேற்றத்தான் சொன்னா என்று நினைத்தேன். ஆனால் இரவுச் சாப்பாட்டுக்கு நான் போட்டுக் கொடுத்த சோற்றை அவ தொடவில்லை. அந்த வீட்டுக்காரப் பெண் வேறு கோப்பையில் கொடுத்தபோது வாங்கிச் சாப்பிட்டா.

இரவு இஷா தொழுது நான் கேட்ட துஆ இது: "ரஹ்மானே, என்னைக் காப்பாத்தச் சொல்லி இன்னொரு தாய்ட பிள்ளையத் தடுத்துட்டன். என்னை மன்னி. அந்தப் பிள்ளைய அவட கண்ணுல காட்டு. எனக்கு என்ன நடந்தாலும் சரி, நான் உண்மையச் சொல்றன்." சஜ்தாவிலிருந்து தலையைத் தூக்க மனம் வரவில்லை. கடலின் இரைச்சல் வீட்டுக்குள் வரை கேட்டது. இந்த முறை கேட்கும் தகுதி எனக்கு இருக்கிறதா என்றே தெரியவில்லை.

விடிய, சுபஹுக்குப் பிறகு ஏஜென்சிக்காரரின் கோல் வந்தது. கப்பல் கொழும்புத் துறைமுகத்துக்குள் வருகிறது. பகல் முழுக்க நிற்கும். வெளிவாசலில் நின்றால் பிள்ளைகளைக் காணலாம்.

நான் வாப்பாவின் கையைப் பிடித்துக்கொண்டு அழுதேன். பூமணி அக்கா மட்டும் எழும்பவில்லை. "கொழும்புக்கு நான் எப்பிடிப் போற? எண்ட அடையாள அட்டையப் பாத்தா விடுவானுகளா?" என்றா.

"வாங்க தங்கச்சி, நான் இரிக்கன்" என்றார் வாப்பா.

ரயிலில் போய் இறங்கினோம். துறைமுகத்துக்குப் போகும் வழியில் மறித்தார்கள். ஒரு பொலிஸ்காரர் பூமணி அக்காவின் அட்டையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். யார் இவ என்று வாப்பாவிடம் கேட்டார். வாப்பாவுக்குச் சிங்களம் அவ்வளவாக வராது. "மகே நங்கி" என்றார். என் தங்கச்சி என்று. பொலிஸ்காரர் வாப்பாவின் தொப்பியைப் பார்த்தார். பூமணி அக்காவின் பொட்டைப் பார்த்தார். பிறகு அட்டையைத் திருப்பிக் கொடுத்துவிட்டுக் கையால் போகச் சொன்னார்.

வாசலால் கப்பல் ஆட்கள் சிறு சிறு கூட்டமாக வெளியே வந்தார்கள். ரவி முதலில் வந்தான். பூமணி அக்கா அவனுடைய மணிக்கட்டைப் பிடித்து, மெலிந்துவிட்டானா என்று விரலால் சுற்றி அளந்து பார்த்தா. அவன் மதிலில் சாய்ந்து நின்று அரியதரம் தின்றான். தின்றுகொண்டே அழுதான்.

பின்னால் என் கணவர் வந்தார். என்னைப் பார்த்துச் சிரித்துவிட்டு எனக்குப் பின்னால் தேடினார். கையில் காது மிசின் வைத்த சின்னப் பெட்டி.

"உம்மா எங்க? வெயிலுக்கு எங்கயும் இருத்திட்டு வந்தீங்களா?"

ரயிலில் அடுக்கி வைத்த வார்த்தை ஒன்றும் வரவில்லை. "மாமி மவுத்தாப் பெய்த்தாங்க" என்றேன்.

"எப்ப?"

"ரெண்டு மாசமாகுது."

அவர் கத்தவில்லை. "சலாம் சொல்லச் சொல்லி ஒவ்வொரு நாளும் சொன்னனே. நீங்க ஆருக்குச் சொன்னீங்க?" என்று மட்டும் கேட்டார்.

வாப்பாதான் அவரின் தோளில் கை போட்டு, "வாங்க மருமகன், பள்ளிவாசலுக்குப் போவம்" என்று அழைத்துப் போனார். உள்ளே நடந்ததை வாப்பா சொல்லித்தான் எனக்குத் தெரியும். பகல் தொழுகை லுஹர் முடிந்து ஆட்கள் கலையும் நேரம். இந்தப் பிள்ளையின் உம்மாவுக்கு, உடல் முன்னால் இல்லாமல் தொழும் காயிப் ஜனாஸா தொழ வேண்டும் என்று வாப்பா இமாமிடம் கேட்டாராம். செருப்புப் போட்டவர்களும் கழற்றிவிட்டுத் திரும்பி வந்தார்களாம். மூட்டை தூக்குகிறவர்கள், கடைக்காரர்கள், எங்கள் மாமியின் பெயரையே கேட்டிராதவர்கள், வரிசையாக நின்று தொழுதார்களாம். தொழுது முடிந்தும் என் கணவர் ஏந்திய கையை இறக்கவில்லையாம். கப்பலுக்கு நேரமாகிறது என்று சொல்ல யாருக்கும் மனம் வரவில்லையாம்.

வாசலில் திரும்ப விடைபெறும்போது அவர் சொன்னதை நான் மவுத்தாகும் வரை மறக்க மாட்டேன்.

"உம்மாக்குச் சொகத்தக் குடு, நீண்ட ஹயாத்தக் குடு எண்டு கேட்டுட்டு இருந்திரிக்கன். கபுறுல கெடக்கிறவக்கு. அவட பாவத்த மன்னிச்சிரு எண்டு கேக்க வேண்டிய நேரத்துல."

பிறகு உள்ளே போய்விட்டார்.

அதன் பிறகு கோல் எடுத்தால் சலாம் சொல்வார், மகளைக் கேட்பார், வைத்துவிடுவார். அது எனக்கு வேண்டியதுதான் என்று இருந்தேன். கொன்ராக்ட் முடிந்து வந்த அன்று பேக்கோடு நேரே மையவாடிக்குத்தான் போனார். காக்காவோடு நீண்ட காலம் கதைக்கவில்லை. கப்பல் வர வேண்டாம் என்று நான் கேட்ட முதல் துஆவையும் அவரிடம் சொன்னேன். அவர் யோசித்துவிட்டுச் சொன்னார்: "அத நீங்க கேட்டவன்டயே அழுது தவ்பாச் செஞ்சிட்டீங்க. நான் என்னத்தச் சொல்ல? கொழும்புலயும் சொல்லாம விட்டிருந்தா, வாற வரைக்கும் ஹயாத்துத்தான் கேட்டிருப்பன்."

மன்னிப்பு அதுதான் என்று எடுத்துக்கொண்டேன்.

ரவி வேறொரு நாட்டில் கப்பலை விட்டு இறங்கிவிட்டான். இன்னும் ஊருக்கு வரவில்லை. கொழும்பு வாசலில் கண்டதுதான் பூமணி அக்கா அவனை நேரில் கண்ட கடைசி. அந்தப் பகலை அல்லாஹ் கொடுத்திராவிட்டால் நான் அவவின் முகத்தில் எப்படி விழித்திருப்பேன்? நன்றி என்று நான் சொல்லும்போதெல்லாம் அதற்குத்தான் முதலில் சொல்கிறேன்.

இப்போது எங்கள் ஊரில் பிள்ளைகள் வெளிநாட்டில் இருக்கும் வீட்டில் மவுத்து நடந்தால் நான் போகிறேன். "இப்ப சொல்ல வேணா" என்று யாராவது தொடங்கினால், என் கதையைச் சொல்கிறேன். சிலர் கோபிக்கிறார்கள். பரவாயில்லை. பெற்றவர்களுக்காகப் பிள்ளை கேட்கும் துஆவை நாம் இரக்கம் என்ற பெயரில் பறித்துவிடக்கூடாது.

சகோதரிகளே, அவனிடம் கேளுங்கள். பயந்தாலும் அவனிடமே கேளுங்கள். தப்பி ஓட வழி கேட்காதீர்கள். நின்று சொல்லப் பலம் கேளுங்கள். நான் பிழையாகக் கேட்டு, திரும்பி வந்து அழுதபோதும் அவன் கதவைச் சாத்தவில்லை. உங்களுக்கும் சாத்த மாட்டான்.

இன்று நீங்கள் கையேந்தும்போது எங்கள் மாமியையும் சேர்த்துக்கொள்ளுங்கள். அவர் பெயர் ஆசியா உம்மா. ஒரு மகனின் துஆ இரண்டு மாதம் அவருக்குப் போய்ச் சேரவில்லை. அது என்னால் வந்த குறை. அதை நிரப்ப நான் ஒருத்தி கேட்டுப் போதாது.