அம்மா முழந்தாளிடாத தவக்காலம்

மாலையில் தறிகளை நிறுத்தியதும் காதுக்குள் ஒரு ரீங்காரம் மட்டும் கொஞ்ச நேரம் மிஞ்சி நிற்கும். அது அடங்குவதற்குள் அப்பா தலையிலும் மீசையிலும் ஒட்டிய பஞ்சைத் தட்டிவிட்டு முன்னறைக்கு வந்து, மாதா சுரூபத்தின் முன்னால் மெழுகுவர்த்தி ஏற்றிவிடுவார். தொண்ணூறுகளில், சூலூரில் எங்கள் வீட்டை ஒட்டியிருந்த "தறிக்குடோன்" இரவு பகலாக ஓடும்; தவக்காலத்தில் மட்டும் ஜெபமாலை முடியும்வரை நின்றிருக்கும். அந்த அமைதிதான் எனக்குப் பயம். அதில் தம்பியின் குரல் கேட்கும்.

தம்பி சகாயம் அதற்கு முந்தைய கிறிஸ்துமஸ் கழிந்த சில நாட்களில் காய்ச்சலில் இறந்துபோனான். கோயம்புத்தூர் பெரியாஸ்பத்திரிக்குக் கொண்டுபோகிற வழியில், பஸ்ஸில், அம்மாவின் மடியிலேயே உயிர் போயிற்று. இருந்த நாளில், எல்லோரும் ஜெபம் சொல்லி முடித்த பிறகு, தூக்கக் கலக்கத்தில் தனியாக ஓர் "ஆமென்" சொல்வான். அந்தத் தவக்காலத்தில் எங்கள் ஆமெனுக்குப் பிறகு நான் மூச்சைப் பிடித்துக்கொண்டிருப்பேன். சில நாள் அது கேட்டது என்றே இன்றும் நம்புகிறேன்.

அம்மா ஜெபத்துக்கு வரவில்லை. ஒருவேளை மட்டும் சாப்பிட்டு "ஒருசந்தி" இருந்தாள். வெள்ளிக்கிழமைகளில் கவிச்சி ஆக்கவில்லை. எங்களைச் சிலுவைப்பாதைக்கு அனுப்பிவைத்தாள். ஆனால் நாங்கள் முழந்தாளிட்டதும் அடுக்களையில் பாத்திரம் தேய்க்க ஆரம்பித்துவிடுவாள், ஏற்கெனவே தேய்த்து வைத்திருந்தவற்றையும் சேர்த்து. கோயிலிலிருந்து உபதேசியார் வந்து, தவக்காலத்திலாவது அவளை ஜெபத்தில் உட்காரவைக்க வேண்டும் என்று அப்பாவிடம் சொன்னார்.

"அவ சாமிகூடப் பேச்ச நிறுத்திப்போட்டாளுங்க," என்றார் அப்பா. "அதுல நாம பூந்து பேசுனா நல்லாருக்காதுங்க."

குருத்து ஞாயிறுக்கு முந்தைய வெள்ளிக்கிழமை, ஜெபம் சொல்லிக்கொண்டிருந்த அப்பா "மரண நேரத்திலும்" என்ற சொல்லில் நின்றுவிட்டார். கல்லறையில்கூட அழாத மனிதர், தோள்கள் குலுங்க அழுதார். அடுக்களைச் சத்தமும் நின்றது. சோப்பு நுரை வடியும் கையோடு அம்மா வந்து நிலைப்படியில் நின்றாள்.

"ஏனுங்க சாமி, பஸ் ஏறுனதுலிருந்து உங்களத்தான கூப்புட்டுட்டே வந்தேன். சிங்காநல்லூர் தாண்டறவரைக்கும் பையனுக்கு மூச்சு இருந்துச்சு. உங்க காதுல உழுகலீங்களா? உழுந்தும் பேசாம இருந்துட்டீங்களா? எனக்கு அது தெரியோணுமுங்க."

குரலை உயர்த்தவில்லை. வீட்டுக்கு வந்த பெரியவரிடம் கேட்பது போலத்தான் கேட்டாள். அப்பா திட்டப்போகிறார் என்று நினைத்தேன். அவர் முகத்தைத் துடைத்துக்கொண்டு, தலை குனிந்து, "ஆமென்" என்றார். நானும் சொன்னேன். அதன் பிறகு காத்திருந்தேன். வேறு குரல் எதுவும் வரவில்லை.

மறுநாளிலிருந்து அம்மா தினமும் வந்தாள். முழந்தாளிடாமல், நின்றபடியே சாமியிடம் கேட்டாள். சில நாள் ஒரே ஒரு வரி. சில நாள் பையன் போட்டுப் பார்க்காத புதுச்சட்டையைப் பற்றி நெடுநேரம். ஒவ்வொன்றுக்கும் நாங்கள் ஆமென் சொன்னோம். உயிர்ப்புப் பெருவிழாவான ஈஸ்டருக்கு எங்களோடு கோயிலுக்கு வந்து கடைசி பெஞ்சில் உட்கார்ந்தாள். பாட்டுக்கு வாய் திறக்கவில்லை. திரும்பி வரும் வழியில் கேட்டேன், "அம்மா, சாமி பதில் சொல்லிட்டாருங்களா?"

"இல்ல கண்ணு. ஆனா நாம பேசறதக் கேட்டுட்டிருக்காருனு தோணுது."

தறிகள் பழைய இரும்புக்குப் போய்விட்டன. அந்த வீடும் இல்லை, அப்பா அம்மாவும் இல்லை. நான் இருக்கும் சரவணம்பட்டியில், ஜெப வாழ்வில் ஆழப்படுவது எப்படி என்று தவக்காலம்தோறும் தியானங்கள் நடக்கின்றன; நானும் போகிறேன். ஆனால் என் மகளுக்குக் காய்ச்சல் கொதிக்கும் நாட்களில், கற்றுக்கொண்ட ஜெபங்களை ஒரு சொல் பிசகாமல் சொல்கிறேன், அம்மா நேருக்கு நேர் நின்று பேசியவரிடம் எதையும் கேட்கத் துணியாமல்.