நிலைக்காலில் செய்த துப்பாக்கிக் கட்டை

அன்று என் வீட்டு அறைக்குள் இருந்தது மூன்று பேர்: நான், என் மனைவி, கன்மேன் அண்ணன். துப்பாக்கியையும் ஓர் ஆளாகச் சேர்த்தால் நான்கு. கதவு, ஜன்னல் எல்லாம் சாத்தியிருந்தது. நெய்வேலியின் மே மாத வெக்கையில் மூன்று நாள் அப்படித்தான் கிடந்தோம்.

கன்மேன் அண்ணன் பட்டாளத்திலிருந்து ஓய்வு பெற்றவர், திருநெல்வேலிப் பக்கம். வங்கிக்குப் பணம் கொண்டுபோகும் வேனில் காவல். சொந்தத் துப்பாக்கியும் லைசென்ஸும் இருந்தால்தான் அந்த வேலை. யாரோ வேட்டைக்கு வைத்திருந்த பழைய இரட்டைக்குழலை முறைப்படி வாங்கியிருந்தார். வேனிலிருந்து இறங்கும்போது அது கைநழுவி விழுந்து, தோளில் வைக்கும் மரக்கட்டை, கை பிடிக்கும் கழுத்துப் பகுதியோடு பிளந்துவிட்டது. சென்னைக் கடையில் புதுக் கட்டைக்குக் கேட்டது அவருடைய ஒரு மாதச் சம்பளம். திங்கட்கிழமை அவரை வேலைக்கு வைத்த ஏஜென்சியில் துப்பாக்கிகளைப் பார்வையிடுகிறார்கள். உடைந்ததோடு போய் நின்றால் வேலை இல்லை.

நான் எட்டாவதோடு நின்றவன். குவார்ட்டர்ஸ் கதவு, ஜன்னல் பழுது பார்க்கும் கான்ட்ராக்ட் தச்சன். புதுக் கட்டை செய்து தரச் சொல்லி என்னிடம் வந்து நின்றார். மாட்டேன் என்று சொல்ல எனக்கு வாய் வராது. ஆயிரத்து ஐந்நூறு என்றேன். ஆயிரத்தைக் கையிலேயே கொடுத்துவிட்டார். அந்த நிமிடமே பயம் பிடித்துக்கொண்டது. இந்த வேலைக்குத் தனி லைசென்ஸ் வேண்டுமென்று எங்கேயோ கேட்டிருந்தேன். தெருவில் பைக் நின்றால் போதும், உளியை லுங்கிக்குள் மறைப்பேன். எதிரே துப்பாக்கியோடு ஒரு மனிதர் உட்கார்ந்திருப்பதை எதற்குள் மறைப்பது?

மரம், இடித்த பழைய குவார்ட்டர்ஸின் தேக்கு நிலைக்கால். எடைக்கு வாங்கிப் போட்டிருந்தேன். கட்டை சரியாகப் பொருந்த, துப்பாக்கியின் இரும்புப் பாகத்தில் விளக்குக்கரியை எண்ணெயில் குழைத்துத் தடவி, மரத்தில் பதித்து எடுக்க வேண்டும். கரி ஒட்டிய இடத்தை மட்டும் மயிரிழை அளவு சுரண்ட வேண்டும். மறுபடி பதிக்க வேண்டும். ஒவ்வொரு முறையும் அண்ணன் இரும்பைக் கொடுப்பார், உடனே வாங்கி மடியில் வைத்துக்கொள்வார்.

"டீ குடிக்கவாவது அத கீழ வைங்கண்ணே. எங்க ஓடிடப் போவுது?" என்பாள் என் மனைவி.

"அது ஓடாது தங்கச்சி. காணாமப் போச்சுன்னா நாம்லா ஓடணும்."

மூன்றாம் நாள் மதியம் அவர் சுவரில் சாய்ந்தபடி கண்ணயர்ந்துவிட்டார். கழுத்துப் பகுதியின் அடியில் மிச்சமிருந்த பச்சைப் பெயின்டை இழைத்தேன். உள்ளே வெள்ளையாக, எப்போதோ பெயின்டர் அடைத்த பட்டி. குத்திப் பார்த்தால், முன்பு கீல் மாட்டிய ஸ்க்ரூவின் துளை. கம்பி விட்டேன். மரத்தின் பாதிக் கனம் வரை போனது. துப்பாக்கி வெடித்தால் அதிர்வு முழுக்க இறங்கும் இடம் அதுதான். வேறு மரமும் இல்லை, நாளும் இல்லை. மரத்தூளைப் பசையில் குழைத்து அடைத்து, கட்டைவிரலால் அழுத்திப் பிடித்துக்கொண்டேன். மனைவி பார்த்துவிட்டாள்.

"சொல்லிடேன்யா," என்றாள் மெதுவாக.

அண்ணன் கண் விழித்தார். "முடிஞ்சுதா தம்பி?"

"முடிஞ்சிதுண்ணே," என்றேன்.

திங்கட்கிழமை யாருக்கும் எதுவும் தெரியவில்லை. அவர் வேலை தப்பியது. காவல்காரர் துப்பாக்கி வெடிக்கும் நாள் வராமலே போகலாம். ஆனால் வந்தால் அவர் முகத்துக்குப் பக்கத்தில்தான் அந்தத் துளை இருக்கும். சொன்னால் அவர் வேலை போகும். சொல்லாவிட்டால் ஒருநாள் அவரே போகலாம். வருஷங்களாக இந்த இரண்டுக்கும் நடுவில்தான் தூங்கி எழுகிறேன். பண வேன் போனால் இன்றும் சந்துக்குள் திரும்பிவிடுவேன்.

போன வாரம் மார்க்கெட்டில் தப்பிக்க முடியவில்லை. அண்ணன் நேர் எதிரே வந்துவிட்டார், தோளில் துப்பாக்கி. பக்கத்திலிருந்தவரிடம், "இவன் கைவேலதான். கல்லு மாதிரி நிக்கி பாத்தியளா?" என்று கட்டையின் கழுத்தைத் தடவிக் காட்டினார். அவர் விரல் சரியாக அந்த இடத்தில் நின்றது. மறுகை சட்டைப் பைக்குள் போனது.

"பாக்கிய இன்னைக்காவது வாங்கிக்கயேம்ப்பா."

"அப்புறம் பாத்துக்கலாம்ண்ணே."

என்னைப் பெரிய மனசுக்காரன் என்று ஊரெல்லாம் சொல்லி வைத்திருக்கிறார். அந்தப் பாக்கியை வாங்கிவிட்டால் வேலை முடிந்தது என்று நான் இரண்டாம் முறை சொன்னதாகிவிடும். அதனால் அது அவர் பையிலேயே இருக்கிறது, ஐந்நூறு ரூபாய்.