காகம் முதலில் தொட்டது

எழுபதுகளின் நடுவில் நான் சிட்னியில் செய்த பாவங்கள் எல்லாவற்றையும் ஒரே கடையில்தான் செய்தேன். அந்த அளவில் நான் ஒழுங்கான மனிதன். ஓபர்ன் ரயில் நிலையத்துக்குப் பக்கத்தில் ஒரு துருக்கிக்காரர் நடத்திய சாப்பாட்டுக் கடை அது. ஆறு மேசைகள், பிளாஸ்டிக் விரிப்பு, சுவரில் கடலும் பாலமுமாக ஒரு கலண்டர் படம். மெனு அட்டை கிடையாது. உள்ளே போனால் கடைக்காரர் முகத்தைப் பார்த்துவிட்டு, இவனுக்கு இது என்று தானே தீர்மானித்துக் கொண்டுவந்து வைப்பார்.

யாழ்ப்பாணத்திலிருந்து நான் புறப்பட்டபோது அப்பா கேட்டது ஒன்றே ஒன்றுதான். மச்சம், அதாவது மீனோ இறைச்சியோ, தொடக்கூடாது. படிப்பு, வேலை, கல்யாணம் எதைப் பற்றியும் அவர் வாய் திறக்கவில்லை. நான் தலையாட்டினேன். ஒன்பது மாதம் பாணும் அவித்த உருளைக்கிழங்குமாகத் தின்று வாக்கைக் காப்பாற்றினேன். பத்தாவது மாதம் ஒரு நாள் மழைக்கு ஒதுங்கிய இடம் அந்தக் கடை வாசல். உள்ளே கரி நெருப்பில் ஆட்டிறைச்சி வாட்டிக்கொண்டிருந்தார்கள். கடைக்காரர் என் முகத்தைப் பார்த்தார். மிகச் சரியாகத் தீர்மானித்தார். பாதி கபாப் உள்ளே போன பிறகுதான் அன்றைக்கு வெள்ளிக்கிழமை என்பது நினைவுக்கு வந்தது. இறைச்சி தின்கிற வீடுகளில்கூடச் சட்டி கழுவிக் கவிழ்த்து வைக்கிற நாள். கெடுகிறவன் அதற்கும் நாள் பார்த்துக் கெட்டான்.

அதற்குப் பிறகு வெள்ளிதோறும் கபாப், ஞாயிறுதோறும் வீட்டுக்குக் கடிதம். 'நான் சைவம்தான், யோசிக்க வேண்டாம்' என்று முதல் வரியிலேயே எழுதிவிடுவேன். கேட்காமலே சொன்னதில் அப்பாவுக்குச் சந்தேகம் வந்திருக்கும் என்று இப்போது தோன்றுகிறது.

அப்பா இறந்த செய்தி தந்தியில் வந்தது. அது என் கைக்குக் கிடைத்தபோது அங்கே எல்லாம் முடிந்துவிட்டது. பின்னால் அம்மாவின் கடிதம் வந்தது. கிரியைகளை அண்ணா பார்த்துக்கொள்வார், முப்பத்தோராம் நாள் அந்தியேட்டிக்கு நீயும் அங்கே ஒரு படையல் வைத்து நாலு பேருக்குச் சாப்பாடு போடு என்று எழுதியிருந்தார். கடைசி வரி: 'காகம் எதை முதலில் தொட்டது என்று மறக்காமல் எழுது.'

எங்கள் வீட்டு நம்பிக்கை அது. போனவர் காகமாக வந்து படையலைத் தொடுவார். எதை முதலில் தொடுகிறாரோ அதில் அவருக்கு ஆசை மிச்சம் இருந்தது. ஒன்றையும் தொடாவிட்டால் கோபத்தோடு போயிருக்கிறார். நான் பொறியியல் படித்தவன், இதையெல்லாம் நம்புகிறவன் இல்லை. ஆனால் அந்த வரியைப் படித்த இரவிலிருந்து எனக்குச் சரியாக நித்திரை இல்லை. அப்பா கோபத்தோடு போயிருந்தால் அதற்குக் காரணம் யார் என்பதில் எனக்கு ஒரு சந்தேகமும் இருக்கவில்லை.

மெரிலேண்ட்ஸில் நான் வாடகைக்கு இருந்த வீட்டில் சமைக்க முடியாது. ஒருமுறை பருப்புத் தாளித்ததில் வீட்டுக்காரி யன்னல்களை மூன்று நாள் திறந்து வைத்திருந்தாள். நாலு பேருக்கும் வழியில்லை. எனக்குத் தெரிந்த தமிழர் ஹோம்புஷில் இருந்த ஓர் அங்கிளும் அன்ரியும்தான். "மிச்ச ரெண்டு பேருக்காக நான் ரெண்டு தரம் சாப்பிடுறன்" என்றார் அங்கிள். ஆக, அப்பாவுக்குச் செய்ய வேண்டியதைச் செய்ய எனக்குக் கிடைத்த இடம், அப்பாவுக்குக் கொடுத்த வாக்கைத் தின்று முடித்த அதே கடை.

கடைக்காரரிடம் போய்ச் சொன்னேன். எங்கள் இருவருக்கும் பொதுவாக இருந்த ஆங்கிலம் இருவருக்குமே சொந்தமில்லாதது. அவர் என் இரு கைகளையும் பிடித்துக்கொண்டார். அவர்களும் சாப்பாடு கொடுப்பார்களாம், ஆனால் நாற்பதாம் நாள். ஒன்பது நாள் முந்துகிறாய் என்று கொஞ்சம் குறைப்பட்டார். சரி, எத்தனை கிலோ ஆடு என்றார். ஆடு வேண்டாம் என்றேன். கோழி, மீன், முட்டை எதுவும் வேண்டாம் என்றேன். அவர் என்னை நெடுநேரம் பார்த்தார். கண்ணில் ஏதோ கசிந்தது. எங்கள் சமயத்தின் மேல் மரியாதை என்று நினைத்துக்கொண்டேன்.

முப்பத்தோராம் நாள் ஒரு ஞாயிறு. அங்கிள், அன்ரியோடு மத்தியானத்துக்கு முன்பே போய்விட்டேன். குசினியில் கடைக்காரரின் மனைவி ரவையை வெண்ணெயில் வறுத்துக்கொண்டிருந்தார். முந்திரிக்குப் பதில் வேறு ஏதோ பருப்பு. மற்றபடி அது கேசரியேதான். என்னைக் கண்டதும் அகப்பையை என் கையில் தந்து கிண்டச் சொன்னார். போனவர் மேல் அன்புள்ளவர்கள்தான் கிண்ட வேண்டுமாம். கிண்டினேன். தந்தி வந்த நாளில்கூட வராத அழுகை அங்கே, முன்பின் பழக்கமில்லாத ஒரு பெண்ணின் அடுப்புக்கு முன்னால் வந்தது. அவர் என் முதுகைத் தட்டிக் கொடுத்துவிட்டு, அடிப்பிடிக்கப் போகிறது என்று சட்டியைக் காட்டினார்.

அன்ரி படையலைத் தானே எடுத்து வைத்தார். சோறு, பருப்பு, எண்ணெயில் வெந்த போஞ்சிக்காய், வயிற்றைக் கீறி எதையோ அடைத்த கத்தரிக்காய், கேசரி. கற்பூரம் காட்டி முடிந்ததும் பின்முற்றத்து மதிலில் கொண்டுபோய் வைத்தேன். காகம் தொடும்வரை ஒருவரும் சாப்பிடக்கூடாது. அங்கிள் பெருமூச்சு விட்டபடி கதிரையில் சாய்ந்தார்.

"கா, கா" என்று கூப்பிட்டேன். முதலில் வந்தது கறுப்பும் வெள்ளையுமான ஒரு பறவை. கதவோரம் நின்ற அன்ரி, "அது சரிவராது தம்பி, கலைச்சு விடும்" என்றார். இந்த நாட்டில் காகத்துக்கும் நிறம் பார்க்க நேர்ந்ததே என்று நினைத்துக்கொண்டு கலைத்தேன். கால் மணி நேரம் போனது. அன்ரி உள்ளே போய்விட்டார். அப்பா வரமாட்டார் என்றே முடிவுசெய்தேன். அப்போது ஒரு முழுக் கறுப்புக் காகம் வந்து மதிலில் இறங்கியது. ஒரு கண்ணால் என்னைப் பார்த்தது. சோற்றைத் தாண்டி, கேசரியைத் தாண்டி, நேரே கத்தரிக்காயிடம் போனது. தோலைக் கிழித்து உள்ளே இருந்ததை இழுத்து இழுத்துத் தின்றது. கத்தரிக்காயை அப்படியே விட்டுவிட்டது.

கிட்டப் போய்ப் பார்த்தேன். கொத்திறைச்சி.

எனக்குப் பின்னால் முற்றத்துக்கு வந்து நின்ற கடைக்காரர் நெஞ்சில் கை வைத்து, மெல்லிய குரலில், தன் செலவு என்றார். சொந்தத் தகப்பனின் சாப்பாட்டுக்கு இறைச்சி வாங்க வழியில்லாத பிள்ளை, வெட்கத்தில் வேண்டாம் என்கிறான் என்று அவர் எடுத்துக்கொண்டிருக்கிறார். விருந்தாளிகளுக்கு முன்னால் நான் தலைகுனியக் கூடாது என்பதற்காகக் காய்க்குள் மறைத்து வைத்திருக்கிறார். அந்த மனிதரிடம் நான் எப்படிக் கோபப்படுவது?

உள்ளே ஓடினேன். அங்கிள் மேசையிலிருந்த இன்னொரு கத்தரிக்காயைத் தன் தட்டுக்கு மாற்றிவிட்டிருந்தார்.

"அதைத் தொடாதேயுங்கோ! உள்ளுக்கு இறைச்சி!"

அன்ரி எழுந்துவிட்டார். "ஐயோ, மாட்டிறைச்சியோ?"

"இல்லை அன்ரி, ஆடு. இவையள் ஒருநாளும் மாடு போடமாட்டினம்."

சொன்ன பிறகுதான் என்ன சொன்னேன் என்று விளங்கியது. அன்ரி என்னை மேலும் கீழும் பார்த்தார். "ஒருநாளும் எண்டா? நீர் இஞ்சை அடிக்கடி வாறனீரோ?"

"ஓம் அன்ரி. வெள்ளிக்கிழமையிலை."

வெள்ளிக்கிழமையைச் சொல்லியிருக்கத் தேவையில்லை. அன்ரி கேசரியை மட்டும் இரண்டு முறை வாங்கிச் சாப்பிட்டார். அங்கிள் கத்தரிக்காயை மிகுந்த துக்கத்தோடு தள்ளி வைத்தார். அந்தத் துக்கம் அப்பாவுக்கானது என்றே இன்றுவரை வைத்துக்கொண்டிருக்கிறேன்.

அம்மாவுக்கு, காகம் கேசரியை முதலில் தொட்டது என்று எழுதினேன். மூன்று கிழமையில் பதில் வந்தது. 'அப்பாவுக்கு இனிப்பே பிடிக்காது. காகம் வரவில்லை என்பதை என்னிடம் மறைக்கிறாய். உன்மேல் என்ன கோபத்தோடு போனாரோ என்று நினைத்து நினைத்து எனக்குச் சாப்பாடு இறங்குதில்லை.'

என் பொய் அம்மாவைப் பட்டினி போட்டிருந்தது. அன்றைக்கே உட்கார்ந்து எல்லாவற்றையும் எழுதினேன். கடை, கபாப், வெள்ளிக்கிழமை, கத்தரிக்காய், காகம். அதுவரை நான் வீட்டுக்கு எழுதியதில் முழு உண்மையான கடிதம் அது ஒன்றுதான். திரும்பப் படித்துப் பார்க்காமல் தபால் பெட்டிக்குள் போட்டேன்.

அம்மாவின் பதில் வழக்கத்தைவிடச் சின்னது. 'வந்தாரே, அது போதும். ஒரு வாய் சாப்பிட்டாரே. அவர் தொட்டதை நீ தள்ள வேண்டாம். நேரத்துக்குச் சாப்பிடு.'

வெள்ளிக்கிழமை கடைக்குப் போனேன். கடைக்காரர் முகத்தைப் பார்த்தார், வழக்கமான தட்டைக் கொண்டுவந்து வைத்தார். அனுமதியோடு சாப்பிடப்போகிற முதல் கபாப். வாய்க்கருகே கொண்டுபோனேன். தட்டிலேயே திரும்ப வைத்தேன். தட்டை எடுத்துக்கொண்டு பின்முற்றத்துக்குப் போனேன். எலும்பில்லாத துண்டாகப் பார்த்து மதிலில் வைத்துவிட்டு, கூப்பிட்டேன்.